வேப் பிடிப்பதை மருத்துவரிடம் ஏன் சொல்லியாக வேண்டும்

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அவருடைய மகனுக்கு இருபது வயது. எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பிஜியில் தங்கிப் பொறியியல் படிக்கிறார். பத்து நாட்களாகக் காய்ச்சலும் வறட்டு இருமலும் இருக்கின்றன; சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது; மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் மாற்றிக் கொடுத்தும் குறையவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்தபோது பையில் மாம்பழ வாசனை வீசும் வேப் (மின்சிகரெட்) கருவி ஒன்று கிடைத்திருக்கிறது. கேட்டதற்கு, "இது சிகரெட் இல்லை, வெறும் தண்ணீர் ஆவிதான்" என்று மகன் சொல்லியிருக்கிறார். இந்தக் கருவி நுரையீரலைக் கெடுக்குமா, இந்தக் காய்ச்சலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா, நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள் என்பதால் மருத்துவரிடம் சொன்னால் பையனுக்குத் தொல்லை வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

நெஞ்சக நோய் மருத்துவன் என்ற முறையில், முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஆக்ஸிமீட்டரை மகனின் விரலில் மாட்டி, அவர் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பாருங்கள். 95க்குக் கீழே இருந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க மூச்சு போதவில்லை என்றாலோ, உதடு நீலம் பாய்ந்திருந்தாலோ, விடியும் வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். உட்கார்ந்திருக்கும்போது அளவு சரியாக இருந்தால், வீட்டுக்குள்ளேயே சில நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடியும் பாருங்கள். நுரையீரல் அழற்சியின் தொடக்கத்தில் ஓய்வில் ஒளிந்திருக்கும் குறை நடையில் வெளிப்பட்டுவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு நாளுக்குள் நெஞ்சக மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். அந்தக் கருவியைக் குப்பையில் போட்டுவிடாமல் ஒரு கவரில் வைத்து உடன் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் இந்த நிமிடத்திலிருந்து மகன் அதைத் தொடக் கூடாது.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். வேப் நுரையீரலைக் கெடுக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு அது காரணமாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் நீங்கள் சொல்லப்போகும் செய்திகளில் இதுவே முக்கியமானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்குகிறேன்.

தண்ணீர் ஆவி என்று இளைஞர்கள் மனதார நம்புகிறார்கள். உங்கள் மகன் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பயன்படுத்தித் தீர்ந்த வேப் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு சிறிய லித்தியம் பேட்டரி, திரவத்தில் ஊறிய பஞ்சு, அந்தப் பஞ்சைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய சுருள்கம்பி, இவ்வளவுதான். கம்பியை ஒட்டிய இடத்தில் பஞ்சு கருகிப் பழுப்பேறி, ஒட்டும் பிசினாகப் படிந்திருக்கும். உறிஞ்சும்போது கம்பி சூடேறித் திரவத்தை மிக நுண்ணிய துளிகளாக்கி அனுப்புகிறது. அந்தத் திரவத்தில் இருப்பவை புரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், சுவைமணப் பொருள்கள். சூடு மிகும்போது முதல் இரண்டும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற எரிச்சலூட்டும் சேர்மங்களைத் தருகின்றன. நிக்கல், குரோமியம், ஈயம் ஆகிய உலோகங்கள் கம்பியிலிருந்தும் பற்றவைத்த இணைப்புகளிலிருந்தும் அந்தத் துளிகளில் கலப்பதை ஆய்வகங்கள் அளந்திருக்கின்றன. சுவைமணப் பொருள்களைப் பற்றி, "சாப்பிடும் பண்டங்களில் சேர்ப்பதுதானே" என்பார்கள். சாப்பிடும் பொருளை வயிறும் கல்லீரலும் எதிர்கொள்கின்றன. நுரையீரலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. டையசிட்டைல் என்ற வெண்ணெய் மணப் பொருளே இதற்குச் சான்று. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் அதைச் சுவாசித்ததால் நுண்மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைபட்டு, மீளாத மூச்சுத்திணறலுக்கு ஆளானது 2000ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அதே பொருள் பல வேப் திரவங்களிலும் கண்டறியப்பட்டது.

நுரையீரலின் நுனியில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் மிக மெல்லியது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ரத்தம், நடுவில் ஆக்ஸிஜன் கடந்து போகும் அளவுக்கு மட்டும் ஒரு திரை. பைகளின் உட்புறத்தில் சர்ஃபேக்டன்ட் என்ற கொழுப்பும் புரதமும் கலந்த படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால், நனைந்த பிளாஸ்டிக் கவரின் இரு பக்கங்களும் ஒட்டிக்கொள்வதுபோல், மூச்சை விட்டதும் பைகள் ஒட்டிக்கொண்டு மறுபடி விரிய மறுக்கும். உறிஞ்சிய துளிகள் போய்ச் சேருவது இந்த இடத்துக்குத்தான். எண்ணெய்த்தன்மை கொண்ட பொருள் அங்கே சென்றால் அந்தப் படலம் குலைகிறது. அந்தப் பொருளை அப்புறப்படுத்த வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் கொழுப்பை விழுங்கி உப்பிப் போகின்றன. சுவரிலிருந்து நீரும் புரதமும் கசிந்து பைகளை நிரப்புகின்றன. கிருமி எதுவும் இல்லாமலேயே நிமோனியா போன்ற ஒரு நிலை உருவாகிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக் பலிக்காமல் போவது இதனால்தான்.

இந்த நோய் உலகின் கவனத்துக்கு வந்த விதம் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 2019 ஜூலையில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மில்வாக்கியில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள், அதுவரை நலமாக இருந்த ஐந்து பதின்பருவத்தினர் மூச்சுத்திணறலோடும் எடை இழப்போடும் அடுத்தடுத்து வந்ததைக் கவனித்து மாநில சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார்கள். கிருமிச் சோதனைகளில் எதுவும் பிடிபடவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசியபோது கிடைத்த பொது அம்சம் வேப் ஒன்றுதான். விஸ்கான்சின், இல்லினாய் ஆகிய இரு மாநிலங்களிலும் முதலில் தொகுக்கப்பட்ட 53 நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் செயற்கைச் சுவாச இயந்திரம் தேவைப்பட்டது. அவர்களுடைய இடைநிலை வயது (மீடியன்) 19. செப்டம்பரில் உச்சத்தைத் தொட்ட அந்தப் பரவல், 2020 பிப்ரவரி 18 வரையிலான கணக்கில், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களும் இறந்தவர்களுமாக 2,807 பேரை எட்டியது. இறப்புகள் 68. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த நோய்க்கு இட்ட நீண்ட பெயரின் சுருக்கமே எவாலி. வேப் தொடர்பான நுரையீரல் காயம் என்று பொருள் கொள்ளலாம்.

காரணத்தைத் தேடியவர்கள் நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்தார்கள். 51 நோயாளிகளில் 48 பேரின் நீரில் வைட்டமின் ஈ அசிடேட் இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட 99 நலமான நபர்களில் ஒருவரிடமும் இல்லை. முகத்துக்குப் பூசும் கிரீமிலும் சத்து மாத்திரையிலும் தீங்கில்லாமல் இருக்கும் பொருள் அது. கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி கலந்த எண்ணெயைக் கள்ளச் சந்தையில் விற்றவர்கள், எண்ணெயைப் பெருக்குவதற்கும் கெட்டியாகக் காட்டுவதற்கும் அதைச் சேர்த்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் 82 விழுக்காட்டினர் டிஎச்சி கலந்த வேப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் பலர் நின்றுவிட்டு, "அப்படியானால் கஞ்சா எண்ணெய்தான் காரணம், நிக்கோட்டின் வேப் பிடிப்பவருக்கு ஒன்றும் ஆகாது" என்று முடிவு கட்டுகிறார்கள். அது சரியான முடிவு அல்ல. நிக்கோட்டின் வேப் மட்டுமே பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 14 விழுக்காடு. அவர்களில் சிலர் கஞ்சா எண்ணெயை மறைத்திருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் எல்லோரும் மறைத்தார்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வேறு வகை எண்ணெய் நிமோனியா, ஒவ்வாமை சார்ந்த நிமோனியா, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் திரண்டு வரும் திடீர் நிமோனியா ஆகியவையும் வேப் பிடித்தவர்களிடம் பதிவாகியிருக்கின்றன. நுரையீரல் உறையில் காற்றுக் கசிந்து ஒரு பக்க நுரையீரல் திடீரென்று சுருங்கிப்போவதும் உண்டு. அப்போது நெஞ்சில் ஒரு பக்கம் குத்துவலியும் உடனடி மூச்சுத்திணறலும் வரும்.

இந்தியாவில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் வேப் சட்டப்படி விற்கப்படுகிறது. ஆனால் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது, வைட்டமின் சேர்க்கவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாகவும், அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் முழுத் தடை வந்தது. கர்நாடகத்தில் அதற்கு முன்பே, 2016இல், மாநிலத் தடை வந்துவிட்டது. தடை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் தடையை மீறி ஒரு பையனின் கைக்கு வந்து சேரும் கருவியில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்த ஆய்வகமும் எந்த அதிகாரியும் பொறுப்பு இல்லை. பெட்டியின் மேல் அச்சிட்ட நிக்கோட்டின் அளவு உண்மையா, உள்ளே ஊற்றியது வேறு திரவமா, நண்பர் கொடுத்த கார்ட்ரிட்ஜில் (வேப் திரவக் குப்பியில்) கஞ்சா எண்ணெய் இருந்ததா என்பவை பிடிப்பவருக்கே தெரியாது. "நல்ல பிராண்ட்தான்" என்ற சமாதானத்துக்கு இங்கே அடிப்படை இல்லை.

சட்டத்தால் தொல்லை வருமா என்று கேட்டீர்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகியவற்றைக் குறித்தவை. விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். ஒருவர் வேப் பிடிப்பதை ஒரு தனிக் குற்றமாக அந்தப் பிரிவுகள் வகுக்கவில்லை. அதைவிட முக்கியமானது, நோயாளி தம்மிடம் சொன்னதைக் காப்பது மருத்துவரின் தொழில் ஒழுக்கத்தில் அடங்கியது. கஞ்சா எண்ணெய் பற்றிக் கேட்டாலும் மருந்தைத் தீர்மானிப்பதற்காகவே கேட்கிறோம். இந்தப் பயத்தால் உண்மையை மறைத்தால் வரும் இழப்பு மிகப் பெரிது.

எப்படிப் பெரிது என்பதற்கு, உங்கள் மகனின் அறிகுறிகளை வேப் பற்றி அறியாத ஒரு மருத்துவரின் கண்ணோட்டத்தில் பாருங்கள். பெங்களூருவில் ஒரு மாணவர் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருவது டைஃபாய்டும் டெங்குவும். பிஜி சாப்பாடு, தண்ணீர் டேங்க், கொசு என்று எல்லாமே அந்தப் பக்கம்தான் கை காட்டும். எவாலி நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் வயிற்றுக் கோளாறு இருந்தது. சிலருக்கு இருமலுக்கு முன்பே அது வந்துவிட்டது. பிறகு எக்ஸ்ரேயில் இரு பக்கமும் வெண்மை படர்ந்திருப்பதைப் பார்த்தால் நிமோனியா என்று ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் காசநோய்ச் சந்தேகம் எழும். நம் நாட்டில் அந்தச் சந்தேகம் எழுந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு படியும் நியாயமானதுதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் நாட்கள் கழிகின்றன. அந்த நாட்களில் பையன் பிஜிக்குத் திரும்பிப் போய், இருமலுக்கு இடையிலேயே அதே கருவியை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்.

எவாலியை உறுதி செய்யும் தனிச் சோதனை எதுவும் கிடையாது. ரத்தத்தில் அழற்சிக் குறிகள் உயர்ந்திருக்கும், வெள்ளணுக்கள் கூடியிருக்கும். இவை கிருமித் தொற்றிலும் உயரும். சிடி ஸ்கேனில் இரு நுரையீரல்களிலும், பெரும்பாலும் கீழ்ப்பகுதிகளில், தேய்த்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போன்ற மங்கல் தெரியும். பல நேரம் நுரையீரலின் வெளி விளிம்பில் மெல்லிய ஒரு பட்டை மட்டும் பாதிக்கப்படாமல் கறுப்பாக நிற்கும். கோவிட் காலத்தில் இதே மங்கலை நாள்தோறும் பார்த்தோம். படத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிப்பது கடினம். ஆகவே, நோய் வரையறையே நான்கு செய்திகளின் கூட்டாக அமைந்திருக்கிறது: அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் வேப் பிடித்திருப்பது, படத்தில் இந்த மாற்றம், தொற்று இல்லை என்ற சோதனை முடிவு, வேறு நோயால் விளக்க முடியாத நிலை. பின்னுள்ள மூன்றையும் மருத்துவமனை கண்டுபிடித்துக்கொள்ளும். முதலாவது நோயாளியின் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வாயிலிருந்து வருவது எளிதாக இருப்பதில்லை. என் அறையில் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க, "சிகரெட் பழக்கம் உண்டா" என்று கேட்டால், வேப் பிடிக்கும் இளைஞர் இல்லை என்று தலையசைப்பார். அவரளவில் அது பொய்யும் அல்ல. வேப் என்பது சிகரெட்டில் சேராது என்று அவர் நினைக்கிறார். அதனால் வயது குறைந்தவர்களிடம் வேப், பாட், டிஸ்போசபிள், கார்ட்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்பதும், பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்வதும் என் வழக்கமாகிவிட்டது. நீங்களும் அப்படி வெளியே சென்றுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு காலமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு, என்ன சுவை, எங்கே வாங்கியது, யாருடன் பகிர்ந்தது, கடைசியாக எப்போது, கஞ்சா எண்ணெய் கலந்ததை ஒரு முறையாவது இழுத்ததுண்டா என்பவற்றை அவர் தயக்கமில்லாமல் சொல்லட்டும். மருத்துவர் கேட்க மறந்தால் நீங்களே, "டாக்டர், இவன் வேப் பிடிக்கிறான்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அறையை விட்டு வாருங்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, முதல் மருந்து வேப்பை நிறுத்துவதுதான். ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் மூக்குக் குழாய் வழியாகவோ, தேவைப்பட்டால் அதற்கு மேற்பட்ட முறைகளிலோ கொடுப்பார்கள். தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை ஆன்டிபயாட்டிக் தொடர்வது தவறல்ல. ஸ்டீராய்டு பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது; சில நாட்களிலேயே ஆக்ஸிஜன் தேவை குறைவதைக் காணலாம். ஆனால் காசநோயோ பூஞ்சைத் தொற்றோ ஒளிந்திருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது தீமையாக முடியும். அதனால்தான் சளிச் சோதனை, சில வேளைகளில் மூச்சுக்குழல் உள்நோக்கிச் சோதனை என்று மருத்துவர்கள் நிதானிக்கிறார்கள். அந்த நிதானத்தைத் தாமதம் என்று எண்ண வேண்டாம். பெங்களூருவில் தனியார் செலவு தாங்காது என்றால், ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையை ஒட்டியுள்ள ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் நிறுவனம் அரசுடையது; அங்கே செல்லலாம்.

"சிகரெட்டை விட இது பரவாயில்லை" என்ற வாதத்தை மகன் உங்களிடம் வைப்பார். அதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது: புகையிலை எரியும்போது வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வேப்பில் பெரும்பாலும் இல்லை. இருபது ஆண்டு சிகரெட் பிடித்தவருக்கு அந்த ஒப்பீடு பொருந்தலாம். சிகரெட்டையே தொடாத இருபது வயதுப் பையனின் நுரையீரல் ஒப்பிடப்பட வேண்டியது வெறும் காற்றோடுதான்.

நிறுத்துவதில் ஒரு உண்மையான இடர்ப்பாடு இருக்கிறது. அதை அவருடைய பிடிவாதம் என்று திட்டினால் மறுபடி ஒளிக்கத் தொடங்கிவிடுவார். இன்றைய வேப்களில் பலவற்றில் நிக்கோட்டின் உப்பு வடிவில் இருக்கிறது. அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கிய நிக்கோட்டின் தொண்டையில் காரம் காட்டாது. அதனால் முதல்முறை பிடிப்பவர்கூட இருமாமல் அதிக அளவை உள்ளிழுத்துவிட முடியும். சாம்பல் இல்லை, துர்நாற்றம் இல்லை, அணைக்க வேண்டியதும் இல்லை என்பதால் படுக்கையிலும் குளியலறையிலும் நாள் முழுக்க இழுக்கிறார்கள். நிறுத்திய முதல் சில நாட்களில் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் ஆகியவை வரும். நிக்கோட்டின் கம் அல்லது பேட்ச் உதவும். அளவை மருத்துவர் சொல்லட்டும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை, அதன் தென்னிந்திய மையம் நிம்ஹான்ஸிலேயே இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். பிஜியில் கூடத் தங்கியிருப்பவர்கள் பிடிப்பவர்களாக இருந்தால், உடல் தேறும் வரையாவது அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனையிலிருந்து அனுப்பிய பிறகும் வேலை முடிவதில்லை. வீடு திரும்பிய சில நாட்களுக்குள் மறுபடி மோசமாகிச் சேர்க்கப்பட்டவர்களும் இறந்தவர்களும் இருந்ததால், 48 மணி நேரத்துக்குள் ஒரு முறை மருத்துவரைப் பார்த்தாக வேண்டும் என்று 2019 டிசம்பரில் அமெரிக்க மையம் அறிவுரையை இறுக்கியது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருந்தால், நன்றாக இருக்கிறது என்று இடையில் நிறுத்திவிடக் கூடாது. சொன்னபடி படிப்படியாகவே குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் அழற்சி திரும்புவதோடு, உடலின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு தயாராகாமல் ரத்த அழுத்தம் விழவும் கூடும். ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து மூச்சுத்திறன் சோதனையும் வாயு ஊடுருவல் சோதனையும் செய்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். படம் தெளிந்த பிறகும் காற்றுப்பையிலிருந்து ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கடக்கும் திறன் சிலருக்குக் குறைந்தே நிற்கிறது, அது மூச்சு வாங்குவதாக வெளியே தெரியாமலும் இருக்கலாம். தேறிய பின் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். ஒரு முறை காயப்பட்ட நுரையீரலோடு மறுபடி வேப் பிடித்தால் நோய் திரும்புகிறது என்பதை, அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரே அவரிடம் நேரடியாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.